ஜீப்பை முந்திய படகு

தோப்பும்படி பாலத்து இறக்கத்தில் செல்லதுரையின் ஜீப்பை, அது இழுத்து வந்த படகே முந்திவிட்டதாக 1981இல் மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. செல்லதுரையிடமே நேரில் போய்க் கேட்டேன்.

“முந்தல சாரே, முட்டுச்சு. அவ்வளவுதான்!”

ஜீப்பின் பின்னால் உள்ள கொக்கி உருண்டை சிறியது, அதன்மேல் கவிழ்ந்து மாட்டும், படகு ஏற்றிய டிரெய்லரின் கிண்ணம் பெரியது. இடைவெளியில் சாக்கைத் திணித்து, மேலே எலுமிச்சம்பழம் கட்டிக் கிளம்பியிருக்கிறார். முன்பு மூட்டை தூக்கிப் பிழைத்தவர்; ஜீப் போனால் மறுபடி அதே வேலைதான்.

சாயாக்கடை மாயம்மாள் மறித்தாள். “எலுமிச்சம்பழமா அண்ணாச்சி படகைப் பிடிக்கும்?” திருடு போகாமல் இரவில் கடை பெஞ்சைக் கட்டும் சங்கிலியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதால் ஜீப்பையும் டிரெய்லரையும் பிணைத்தார். இறக்கத்தில் கொக்கி கழன்று படகு ஜீப்பை முட்டியது, சங்கிலி விடவில்லை.

இப்போது உருண்டை சரியான அளவு. இடக்கொச்சிப் படகுக்காரர்கள் அவரைத்தான் தேடி வருகிறார்கள்.

சங்கிலி மட்டும் இன்னும் திரும்பவில்லை. “ராசியான சங்கிலியாக்கும், மாயம்மா!” என்கிறார். மாயம்மாள் தினமும் பெஞ்சைத் தலையில் சுமந்து வீட்டுக்குப் போகிறாள்.