புதைக்கப்படாத விரல்

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயின் கையில் வெறும் மருத்துவப் பஞ்சை மடித்து வைத்து, இதுதான் உன் குழந்தையின் விரல் என்று சொன்னேன். அது பொய். அந்த நேரத்தில் விரல் என் அறையில் ஓர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. செய்ததற்கு வேறு பெயர் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அப்போது நான் கேரளத்தில் தேவிகுளத்துக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் அறுவை மருத்துவனாக இருந்தேன். அந்தப் பெண் கொழுந்து பறிப்பவள். ஒரு வயது நிரம்பாத அவள் மகளுக்கு இடது சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு சிறு விரல். எலும்பில்லாத சதைத் துணுக்கு. எடுப்பது எளிய வேலை.

என்னோடு படித்த நண்பன் பாலக்காட்டில் ஓர் ஆய்வகத்தில் இருந்தான். மனிதத் தோலின் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, தீப்புண் மருந்துகளை அவற்றின் மேல் சோதிப்பார்கள். வயதானவர்களின் தோல் சீக்கிரம் களைத்துவிடும். குழந்தையின் தோல் வேகமாகப் பெருகும். “ஒரு துணுக்கு போறும்டா. எப்படியும் குப்பைக்குத்தானே போறது?” என்று போனில் கெஞ்சினான்.

எங்கள் தோட்டத்தில் அது குப்பைக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தொப்புள்கொடியானாலும் இயந்திரத்தில் அறுபட்ட விரலானாலும், கேட்டு வாங்கிக் கொண்டுபோய், தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் புதைப்பார்கள். நானே பலமுறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சம்மதபத்திரம் மலையாளத்தில் இருந்தது. அவள் தமிழ் மட்டுமே வாசிப்பாள். அகற்றும் பகுதியை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. அதை நான் வாசித்துக் காட்டவில்லை.

“எங்க போடணும் டாக்டரய்யா?”

இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள். அறுவை முடிந்ததும் கதவருகே வந்து நின்றாள்.

“அந்த வெரலக் குடுங்கய்யா. மண்ணுல வச்சாத்தான் புள்ளைக்கு நல்லது.”

ஒரு நிமிடம் நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் மறுத்துவிடுவாளோ என்ற பயம். பஞ்சை மடித்து ஒட்டிக் கொடுத்தேன். “பிரிச்சுப் பார்க்காதேம்மா, கிருமி பிடிச்சுக்கும்” என்றேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் எனக்குக் கேசரி வரும். “வெரலுக்குப் பால் ஊத்திட்டு நேரா இங்கதான் வாரேன்” என்பாள். அவள் முன்னாலேயே அதைத் தின்று முடிப்பேன். ஓய்வுபெற்றுப் பாலக்காட்டுக்கு வந்தபோது, இனி அதை விழுங்க வேண்டியதில்லை என்று நிம்மதிப்பட்டேன். அவ்வளவு கேவலமானவனாக இருந்தேன்.

சென்ற ஆண்டு நண்பன் உற்சாகமாக அழைத்தான். “நீ அனுப்பின விரல் இன்னும் வளர்ந்துண்டே இருக்குடா! ரெண்டு குப்பி வேற லேபுக்கும் போயிருக்கு.”

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. குப்பியின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் இப்போது செல்லின் மரபணுவைப் படித்து, அந்த உடம்புக்கு எந்த நோய் வரக்கூடும் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சிறுமி அறியாத ஒன்றை எங்கோ யாரோ அறிந்துகொள்வார்களோ? அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டேன். சவரம் செய்யும்போது கன்னத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் அவள் நினைவு வந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். “உனக்கு என்ன பைத்தியமாடா?” என்று கத்திவிட்டு, நண்பன் கடைசியில் ஒப்புக்கொண்டான். உயிருள்ள செல்களை ஆய்வகங்களுக்கு வெளியே யாருக்கும் தர விதி இடம்தராது. அதனால் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் வெப்பத்தில் அழித்து, ஆறு சிறு குப்பிகளாக ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தான்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறினேன். லயத்து வாசலில் அமர்ந்து அவளிடம் எல்லாம் சொன்னேன். பதினோரு வயது மகள் பக்கத்தில் நின்றாள்.

“அப்ப இத்தன வருசமா நான் பஞ்சுக்கா பால் ஊத்துனேன்?”

“ஆமாம்மா.”

“கேசரிய வாங்கித் தின்னீகளே அய்யா!”

மகள்தான் குறுக்கிட்டாள். “தாத்தா, அதச் சுட்டப்ப அதுக்கு வலிச்சிருக்குமா?”

“இல்லம்மா. அதுக்கு வலி தெரியாது.”

“நீங்க சொல்லுதீக” என்றாள் அம்மா. பெட்டியைத் திறந்தாள். இந்தமுறை பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குப்பியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அடியில் கலங்கலாக ஒரு துளி.

“இதுல ஒண்ணுமே தெரியலையே.”

“கண்ணுக்குத் தெரியாதும்மா.”

“அன்னைக்கும் பாக்க விடல. இன்னைக்கும் தெரியாதுங்கீக. இதும் பஞ்சுத் தண்ணியா இருந்தா?”

செல்கள் உயிரோடு இருந்தபோதே அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கியில் காட்டியிருக்கலாம். இந்தமுறையும் அவளிடம் கேட்காமலேயே நானே முடிவுசெய்து அழிக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போயிருக்கவில்லை.

வேறு ஆய்வகத்துக்குப் போன இரண்டு குப்பிகளைப் பற்றியும் சொன்னேன். அவற்றையும் அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன்.

“அழிக்கச் சொல்லாதீக” என்றாள் உடனே. “மொதல்ல நான் பாக்கணும். இவளும் பாக்கட்டும். அப்புறம் நாங்க சொல்லுதோம்.”

அன்றே மலையிலிருந்து இறங்குமுன் அந்த ஆய்வகத்துக்குப் போன் செய்து நிறுத்திவைக்கச் சொன்னேன். பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பார்க்க வரலாம் என்று போன வாரம் பதில் வந்தது. அந்த இரண்டு குப்பிகளுக்கான சம்மதபத்திரத்தை இம்முறை தமிழில் நானே எழுதி அவளுக்கு அனுப்பினேன். ‘ஆய்வுக்கு வேண்டாம்’ என்பதை முதல் தேர்வாக வைத்தேன். அவள் இன்னும் கையெழுத்திடவில்லை. பள்ளி விடுமுறைக்கு வருகிறோம் என்று மட்டும் மகளைவிட்டுப் போனில் சொல்லவைத்தாள்.

ஆறு குப்பிகளையும் அவள் புதைக்கவில்லை, எறியவும் இல்லை. அலமாரியில் இருக்கின்றனவாம். இந்த ஆண்டுப் பிறந்தநாளில் யாரும் பால் ஊற்றவில்லை.