காகிதத்தில் ஒரு தலைவர்

இன்று காலை லாசால் என்ற பகுதியில் உள்ள ஒரு துப்புரவுக் கம்பனிக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன்.

சிறுபான்மையினரின் நிறுவனம் என்ற சான்றிதழ் இருந்தால் பெரிய ஒப்பந்தங்கள் கிடைக்கும். அதற்காக, தன்னிடம் தரை கழுவும் சிவம் அண்ணையைக் காகிதத்தில் தலைவராக்கியிருக்கிறார் வெள்ளைக்கார முதலாளி.

பதினைந்து வருடங்களுக்கு முன் என் பொறியியல் பட்டத்தைப் பிரித்தும் பார்க்காமல் தரை கூட்டும் தும்புத்தடியை நீட்டியவர் அதே முதலாளிதான். நான் மறக்கவில்லை.

சான்றிதழுக்காகச் சரிபார்க்க வந்த பெண் பிரெஞ்சில் கேட்டார்: "கம்பனியில் எந்த முடிவுகளை நீங்கள் எடுக்கிறீர்கள்?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை சிரித்தார்.

"எந்த மாடியை முதல் கழுவுறது எண்டு நான்தான் முடிவெடுக்கிறனான். நீர் கொஞ்சம் பெரிசாக்கிச் சொல்லும், தம்பி."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண் கோப்பை மூடிவிட்டு எழுந்தார். சான்றிதழ் இல்லை.

வாசலில் அண்ணை மெதுவாகக் கேட்டார்: "முதலாளியை விழுத்திப்போட்டீர், சரி. அவன் என்னை நிப்பாட்டினா, இந்த வயசில எனக்கு இனி ஆர் வேலை தருவினம்?"

நான் பஸ் ஏறிவிட்டேன்.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. பிழை காண்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதலாம். அண்ணைக்குக் கொடுக்க வேலை வைத்திருப்பவர்கள் முதலில் எழுதுங்கள்.