மாதா ஊற்று கரித்த வருஷம்

செபஸ்தியம்மாளின் முன்பற்கள் தேய்ந்து பாதியாகியிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் உள்ளே இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். பதினோரு வயதில் அவர் தொடங்கிய வேலை அது.

திருவாரூர் மாவட்டத்தில் வயல் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு. முப்பது வீடு. பதினெட்டு வருஷத்துக்கு முன் வலசை வரும் வாத்துகள் தங்க ஏரி வேண்டும் என்று வனத்துறையினர் சதுப்பை மறித்துக் கரை போட்டார்கள். கடல் உள்ளே வருவது நின்றது. மழைத் தண்ணீரும் வயல் வடிகாலும் தேங்கின. நாலு வருஷம் வாத்து வந்தது. பிறகு சம்பங்கோரை மூடிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் வளரும் உமரிச்செடி அழிந்தது, இறாலும் போனது. செபஸ்தியம்மாள் களை பறிக்கப் போனார்.

கரை போட்ட மறுவருஷம் தெருவுக்குப் பின்னால் தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் ஊறியது. அதுவரை மெயின்ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தவர்கள் நாங்கள். மாதா கொடுத்த ஊற்று என்று சொரூபம் வைத்தோம். கும்பிடாமல் யாரும் குடம் இறக்க மாட்டோம்.

போன சித்திரையில், கரையை வெட்டிக் கடலைத் திரும்ப உள்ளே விட வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அளக்க வந்த சூர்யபிரகாஷ், "கடல் தண்ணி வந்த பழைய ஓடை எங்கம்மா இருந்துச்சு?" என்று செபஸ்தியம்மாளிடம் கேட்டான்.

"பாத்தா தெரியாது தம்பி. எறங்குனா கால் சொல்லும்."

கோரைக்குள் இறங்கி நடந்தார். ஓரிடத்தில் நின்று, காலால் கிளறிச் சிப்பியை எடுத்துக் காட்டினார். ஜேசிபி அங்கேதான் வெட்டியது. அமாவாசை ஏற்றத்தில் கடல் உள்ளே வந்தபோது அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆடியில் ஊற்று உப்புக் கரித்தது. சோறு வேகவில்லை. பிள்ளைகள் துப்பினார்கள்.

"எறாலு திங்க ஆசப்பட்டு மாதாவுக்குக் கோவத்த உண்டாக்கிட்டியே அத்த," என்றாள் பக்கத்து வீட்டு அருள்ஜோதி.

"கோவமெல்லாம் இல்லடி. கரைக்குள்ள தேங்குன தண்ணிதான் இத்தன வருஷமும் அங்க ஊறிச்சு. கரை போச்சு, தண்ணியும் போச்சு. எனக்கும் அப்ப தோணல."

"அப்ப நாங்க கும்புட்டது வாத்துத் தண்ணியவா?"



அவர் இடத்தைக் காட்டியதை மன்னித்திருப்பார்கள். ஊற்றைக் கரைத் தண்ணீர் என்று சொன்னதை மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர் பிடித்து வந்த இறாலை எங்கள் தெருவில் ஒருவரும் வாங்கவில்லை.

புரட்டாசியில், சொரூபத்தை மெயின்ரோட்டுக் குழாயடிக்குப் பாடிக்கொண்டே தூக்கிப்போனோம். காலிக் குடங்களும் கூடவே வந்தன. வெட்டிய கரைக்குக் கீழே அவர் தண்ணீரில் நின்றிருந்தார். சுற்றிலும் உமரி துளிர்த்திருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, சேற்றுக் கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பல்லில் பறியோடு அவர் மறுபடி குனிந்தார்.