வெள்ளை மானின் எடை

வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லின் மேல் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்லதாகவே சொல்லியிருப்பேன்.

அப்போது நான் வேட்டைச் சோதனைச்சாவடியில் எழுத்தர். உரிமம் வாங்கி மான் சுட்டவர்கள் அதை எங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். எடை போடுவேன், நிறத்தைப் பதிவேட்டில் எழுதுவேன், காதில் தகடு மாட்டி அனுப்புவேன். பழுப்பு மான் என்றால் வீட்டுக்குப் போகலாம். வெள்ளை மான் என்றால் ஜெயிலுக்கு. அபூர்வப் பிராணி, சட்டம் அப்படி.

காலை 6.10. எதிரே நிற்பவர் மூக்கு தெரியாத மூடுபனி. வண்டியிலிருந்து இறங்கியவர் என் மாப்பிள்ளை. முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா... பனியில நிறம் தெரியல."

தார்ப்பாயை விலக்கினேன். காதிலிருந்து குளம்புவரை வெள்ளை.

வீட்டில் என் மகளுக்கு நிறைமாதம். இவரோ வனத்துறையிலேயே ஓட்டுநர். வழக்கு வந்தால் வேலையும் போகும், ஆளும் உள்ளே போவார். மேலதிகாரி வருவது சரியாக ஏழு மணிக்கு.

"பூட்ஸுக்குப் போடுற பாலிஷ் இருக்கு" என்றேன்.

"மானுக்கா மாமா?"

"பின்னே, உங்களுக்கா? காலைப் பிடிங்க."

மூன்று டப்பா பழுப்பு பாலிஷ் தீர்ந்தது. என் கல்யாணத்துக்குக்கூட என் பூட்ஸ் அப்படிப் பளபளத்ததில்லை. மானை எடைமேடையில் ஏற்றினோம். முள் 52 கிலோவில் நின்றது. பதிவேட்டில் எழுதினேன்: பழுப்பு.

6.31. முள்ளில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

முள் 47-ல் இருந்தது.

மேடையைத் தட்டினேன். 44.

"மாமா, முதுகுல என்னவோ கனக்குது."

"பயம்தான். நிமிருங்க."

அவரால் நிமிர முடியவில்லை.

6.40. முப்பது கிலோ. மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் காலடியில் பலகைத் தரை முனகியது. கிர்ர்ர்...

மானின் வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு. பாலிஷ் வழியவில்லை. தோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. டப்பாவைச் சுரண்டி மறுபடி பூசினேன். பூசப் பூச முள் இறங்கியது.

18.

அவர் மண்டியிட்டார்.

9.

"அடிச்சு எழுதுங்க மாமா..."

"எழுதினா ஜெயிலு! எம்பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ஜெயில்லயாச்சும் படுத்துக்கலாம். இதைச் சுமந்துக்கிட்டு எப்படி... எழுதுங்க!"

முள் மூன்றில்.

அவர் நெற்றி தரையைத் தொட்டது. மூச்சு கேட்கவில்லை...

பேனாவை எடுத்தேன். பழுப்பை அடித்தேன். எழுதினேன்: வெள்ளை. சுட்டவர், என் மகளின் கணவர்.

டிக்.

'ஹா' என்று ஒரு மூச்சு. மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

மான் இல்லை.

ரத்தம் இல்லை.

வெறும் மேடை.

முள் மட்டும் 52-ல்...

7.00. மேலதிகாரி வந்தார். காலி மேடையைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பதிவேட்டைப் படித்தார். பிறகு என் வாய்ப்பக்கம் குனிந்து மோந்தார்.

"பெரியவரே, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"

"இன்னும் பல்லே தேய்க்கல சார்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவும் இல்லை.

நான்கு வருஷம் கழித்து, ஓய்வு பெறும் நாளில் அலமாரியை ஒழித்தேன். வெள்ளை மானைச் சுடக் கூடாது என்ற அந்த அரசாணை கையில் கிடைத்தது. தேதியைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

நாங்கள் பாலிஷ் போட்ட அந்தக் காலைக்கு இரண்டு வருஷம் பிறகுதான் அப்படி ஒரு சட்டமே வந்திருக்கிறது.