சப்பாத்தோடு நடந்தேன்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் எனக்குக் கிடைத்தது ஒரு மரக்கால். தெங்கேரா சாலையில் சைக்கிளில் போனபோது லாரி இடித்ததில், இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நான் புக்கிட் ரம்பாயில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வெளியில் நடக்க முடியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வேலை திரும்பக் கிடைக்கும் என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது.

மரக்காலோடு ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்தும் கொடுத்திருந்தார்கள், குதிகால் சற்றே உயர்ந்தது. சோதனை நாளன்று அதை டாக்டர் அறை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். பெரிய மனிதர் அறைக்குள் சப்பாத்தோடு போவதா? நாலடி வைப்பதற்குள் உடம்பு பின்னால் சாய்ந்தது. சுவரோரம் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினேன். சேலை பாதத்தை மறைத்ததால், நான் சப்பாத்து இல்லாமல் நடப்பதை வெள்ளைக்கார டாக்டர் கவனிக்கவில்லை. நடமாட்டம் வீட்டுக்குள் மட்டும் என்று எழுதிவிட்டார்.

காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் வெறுங்காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு மாதம் ஓட்டினேன். வீட்டுக்குள் நடக்கவே இந்தப் பாடு, பள்ளிக்கூடம் எதற்கு என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கொல்லையெல்லாம் சேறு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு துணி காயப்போடப் போனேன். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொடி வரைக்கும் நேராக நடந்திருக்கிறேன்! உள்ளே வந்து கழற்றினால் மறுபடியும் சாய்கிறது. அந்த மரக்காலையே சப்பாத்தின் உயரத்துக்குத்தான் செய்திருக்கிறார்கள். என் மரியாதைதான் என்னைக் கவிழ்த்திருக்கிறது.

மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். டாக்டர் அறை வாசலில் ஆயா மறித்தார்.

"சப்பாத்தக் கழட்டி வச்சிட்டுப் போங்க டீச்சர். உள்ள டாக்டர் இருக்காரு."

"கழட்ட மாட்டேன். இதுவும் என் காலுதான்."

உள்ளே போய்ச் சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்தேன், டாக்டர் நன்றாகப் பார்க்கட்டும் என்று. கம்பியைத் தொடவில்லை. இந்த அறை போதாது, சாலைக்கு வாருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவரும் வந்தார். படி இறங்கி, சாலை வரை போய்த் திரும்பினேன். பழைய வரியை அடித்துவிட்டு, வெளியிலும் நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் என் சப்பாத்தைக் கழற்றிவிடக் கணவர் குனிந்தார். வேண்டாம் என்றேன். சாமி படங்களைத் தாண்டி, டக் டக்கென்று நடந்து போய், திங்கட்கிழமை பள்ளிக்குக் கட்ட ஒரு சேலையை எடுத்து வைத்தேன்.