மச்சில் வைத்த அடுக்களை

கல்யாணமான இரண்டாம் மாதமே எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. வீடு என்று அப்போது அதை யாரும் சொல்லமாட்டார்கள். குளத்தூருக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், உப்பு மூட்டைகளை அடுக்க எந்தக் காலத்திலோ கட்டிய இரண்டடுக்குக் கிட்டங்கி அது. என் கணவர் அங்கிருந்த உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். முதலாளி புதிதாகப் பெரிய கிட்டங்கி கட்டிக்கொண்டதால், "பழசைச் சரிபண்ணிக் குடியிருந்துக்கோ. சுண்ணாம்பும் மரமும் நான் தாரேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டியில். கோடையில் கால் நுழையும் அளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கடலை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், திருச்செந்தூரில், கூட்டத்துக்கு நடுவே பார்த்திருந்தேன். கிட்டங்கியின் மச்சில் ஏறிக் கிழக்கு ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். ஜன்னல் முழுக்கக் கடல்.

"அடுக்களையை இங்கன வச்சுக்கிடுவோம்" என்றேன்.

அவர் சிரித்தார். "மச்சுலயா? எல்லாரும் கீழதான வைப்பாக?"

"நாள் முழுக்க நிக்கப்போறது நான்தான? கீழ நின்னா மதில் சுவரைத்தான் பாக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டார். கொத்தனார்தான் விடவில்லை. "அண்ணாச்சி, தண்ணிய யாரு மேல சுமக்க? விறக யாரு சுமக்க? தரையும் பலகைத் தரை. தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"தீப்பிடிக்காம அடுப்புப் போட ஒமக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

கொத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகைமேல் களிமண் மெத்தி, இரண்டு வரிசை செங்கல் பரப்பி, அதன்மேல் பெரிய கல்லை வைத்து, அதற்கும் மேலே அடுப்பு போட்டார். புகை போக மேற்குச் சுவரில் ஓட்டை விட்டார். பிறகு மச்சின் நடுவில் இருந்த திறப்பைக் காட்டி, "இதையாவது மூடிருவோமா?" என்று கேட்டார். கீழிருந்து மூட்டைகளைக் கப்பியில் கட்டி இழுப்பதற்காக விட்டிருந்த சதுரத் திறப்பு அது. அதையும் மூட வேண்டாம் என்றேன். தண்ணீரும் விறகும் அந்த வழியாகவே வரட்டும். ஆசாரி அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கட்டைவேலி அடித்து, கப்பிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

சுவருக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தோம். ஈரத்தில் பார்க்கும்போது மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள் காய்ந்ததும் வெளுத்து, பாதி வானத்து நிறத்துக்கு வந்து நின்றது. கீழ்வீட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டோம். ஆனால் அந்தச் சுவர்கள் அத்தனை வருஷம் உப்பைக் குடித்தவை. இரண்டு தடவை பூசினோம், இரண்டு தடவையும் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்ந்தது. கடைசியில் ஆசாரி கரையில் கிடந்த உடைந்த வள்ளத்தின் பலகைகளைக் கொண்டுவந்து, சுவரின் கீழ்ப்பாதியை மூடி வரிசையாக அடித்தார். பார்க்க அவ்வளவு அழகு. மீனெண்ணெய் நாற்றம் போகத்தான் ஆறு மாதமானது.

அந்த நாற்றம் இருக்கும்போதே என் மாமியார் எட்டயபுரத்திலிருந்து வந்து இறங்கினார். இளைய மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இனி எங்களோடு இருக்கப்போகிறார். மூட்டுவலிக்காரர். நாலெட்டு வைத்தால் நிற்பார். அடுக்களை விஷயத்தை என் கணவர் அவரிடம் மூச்சுவிடவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அடுக்களை எங்கன இருக்கு?"

என் கணவர் மேலே கையைக் காட்டினார். மாமியார் மச்சைப் பார்த்தார், பதினான்கு செங்குத்துப் படிகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். திறப்புக்கு நேர்கீழே கட்டிலைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் பேச்சில்லை. நான் சோற்றைக் கூடையில் வைத்து இறக்குவேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றை ஆட்டுவார். மூன்றாம் நாள் நான் கேட்காமலே வெண்டைக்காய் நறுக்கிக் கூடையில் வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது.

"ஏட்டி, நேத்துக் குழம்புல புளி கூடிப்போச்சு."

"சரிங்கத்தை, இன்னைக்குக் குறைச்சுக்கிடுதேன்."

அப்படித் தொடங்கியது. முகம் பார்க்காமல் பேசுவது இரண்டு பேருக்குமே சுலபமாக இருந்தது. ஒருநாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வாய்ச்ச அடுக்களையில ஜன்னலே கிடையாது. மழை பெய்யுதுன்னா ஓட்டுல சத்தம் கேட்டுத்தான் தெரியும். முப்பது வருசம்."

நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். "அத்தை, மேல வந்து பாக்கீங்களா?"

"அதுக்குக் கால் வேணும்லா."

மறுநாள் காலை, என் கணவர் உப்பளத்துக்குப் போன பிறகு, படியில் ஏதோ தேய்கிற சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தால், மாமியார் பின்புறமாக உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"பிடிக்காத. பிடிச்சா விழுந்துருவேன்."

உலை கொதித்து அடங்கிவிட்டது, அவர் மேலே வந்து சேர. ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வியர்வையைத் துடைக்கக்கூட இல்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத் தண்ணி கிடக்கு. குடிக்க ஒரு செம்புக்கு ஆகாது" என்றார். அப்புறம், "நல்ல இடத்துலதாண்டி வச்சிருக்க."

சாயங்காலம் மகன் வந்து, "எப்படிம்மா ஏறுன?" என்று பதறினார். "உக்காந்து ஏறுனேன். இறங்கத்தான் வழி தெரியல" என்றார். இறங்க மனமில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆசாரி வந்து கட்டிலின் கால்களைக் கழற்றி, கப்பியில் ஏற்றி, மேலே மறுபடி பூட்டினார். படிக்கு மேல் மூலையில் ஓலைத்தட்டி கட்டி அவர் தேவைகளுக்கு ஓர் இடம் மறைத்தோம்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடுப்பு அவர் கைக்குப் போனது. நான் கீழே அம்மியும் அரிவாள்மணையுமாக உட்கார்ந்தேன். "ஏட்டி, தேங்காயைத் திருவிட்டியா?" என்று மேலிருந்து குரல் வரும். சண்டைபோட்டு வாங்கிய ஜன்னல் போயிற்றே என்று எனக்கு முதலில் கோபம்தான். வேலை ஒழிந்ததும் ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நகர்ந்து இடம் கொடுப்பார்.

பிள்ளையுண்டானபோது ஐந்தாம் மாதத்திலேயே படி ஏறக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார். எட்டாம் மாதம் கோவில்பட்டிக்குப் பிரசவத்துக்குப் போகும்வரை நான் மச்சுக்குப் போகவில்லை. அந்த மாதங்களில் தினமும் திறப்பு வழியாக எனக்குக் கடலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாய்மரம் தெக்க பாத்துப் போகுது. ஒண்ணுல பாய் கிழிஞ்சிருக்கு."

"தண்ணி இன்னைக்கு என்ன நிறம், அத்தை?"

"கம்பங்கூழு கணக்கா இருக்கு. வெயில் ஏறட்டும், மாறும்."

சில நாள் ஒன்றுமே இருக்காது போல. அப்போது ஆளுயரத்துக்கு மீன் துள்ளியது என்பார். பொய் என்று குரலிலேயே தெரியும். "அப்புறம்?" என்று கேட்பேன்.

பெண்பிள்ளை பிறந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே படியேறினேன். அடுப்புமுன் உட்கார்ந்திருந்தவர் மணையை விட்டு மெதுவாக நகர்ந்தார். மடியை விரித்தார்.

"இவளை இங்கன குடு. அடுப்பை இனி நீ பாரு."

பிள்ளை சிணுங்கியது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் விறகைத் தள்ளிவிட்டு உலை வைத்தேன்.