மனைவி தொடாத மீன்

என் மனைவி சுத்த சைவம் என்று இருபத்தைந்து வருடங்களாகப் பெருமையடித்து வந்தவன் நான். நாங்கள் குடியேறி வாழும் கார்ல்ஸ்ரூஹே நகரில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் அவள் வாய் திறக்குமுன் நானே அதைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்குக் கரீபியன் கடலில் கப்பல் பயணம் போனோம். ஒரு தீவில் இறங்கி, காலையில் பழைய கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். மத்தியானம் படகில் ஏறிப் பவளப்பாறை பார்க்கப் போனோம். அவளைக் கேட்காமலே நான் பதிவு செய்திருந்தேன். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதவை அங்கியோடு அவளைத் தண்ணீரில் இறக்கினேன். கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். முகத்தை வைத்த மறுகணமே அவள் உதறிக்கொண்டு படகைப் பிடித்தாள்.

"மீன்தானே, சைவக்காரிக்கு என்ன பயம்?" என்று சிரித்தேன்.

"நான் எப்ப சைவம் எண்டு சொன்னனான்?" அவள் கண்ணாடியைக் கழற்றிப் படகுக்குள் எறிந்தாள். "சின்னனில சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடேக்க எங்கட வள்ளம் கவிண்டது. தம்பியின்ர உடம்பு கிடைக்கவேயில்லை. அதுக்குப் பிறகு எனக்கு மீன் மச்சம் ஒண்டும் தொண்டையால இறங்கேல்லை."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

தம்பி இறந்தது எனக்குத் தெரியும். சண்டையில் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்குத் திரும்பும்வரை அவள் கையைப் பிடிக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், "அண்ணை, அக்கா சைவம்தானே?" என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன்.